ஆங்கிலத்திற் பெயரடைகளும் உறழ்நிலைகளும்

"இந்த வழி அந்த வழியினும் நல்லது" என்பதை ஆங்கிலத்திற் சொல்ல எழுந்த மாணவன் ஒருவன் 'மோர் பெற்றர்' என்கின்றான். வகுப்புச் சிரிக்கின்றது. ஆசிரியர், "'மோர்' வேண்டாம், இரு" என்று சொல்லி அடுத்தவனை எழுப்புகின்றார். இருந்தவன் தான் செய்த பிழை யாதென்பதை அறியாமலே இருக்கின்றான்; மறுமுறை வாய் திறப்பதற்கும் அஞ்சுகின்றான். இக்காட்சியைக் காணாதார் நம்முள் இலர். ஆங்கிலத்தில் நெடுங்கடிதம் எழுதவல்ல பழைய மாணவர் சிலர் இன்றும் நாலுபேர் முன்னிலையில் அம்மொழியைப் பேச நாணுவதற்கு, அன்று கேட்ட அச்சிரிப்பும் ஒரு காரணம் எனின் மிகையாகாது.

விழா மலரில் இலக்கணத்துக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். கல்லூரியை வாழ்த்துவோர் அங்கு கற்றதையும் கற்கத் தவறியதையும் எண்ணிப் பார்த்தல் முறையேயாம். அம்மாணவனின் பிழை அறிவின்மையால் விளைந்ததன்று. தமிழ் இலக்கணத்தின் அடிச்சுவடு அது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் மொழியின் வழக்கை நோக்குவோம். 'நல்ல, பெரிய, உயர்ந்த' என்பன பெயருக்கு முன் நின்று அதனை விசேடிப்பன. நம் இலக்கண நூலார் இவற்றைப் பெயரெச்சம், குறிப்புப் பெயரெச்சம் என வினையின்பாற்படுத்தி வழங்கினர். ஆங்கிலத்திலோ இவ்வகைச் சொற்கள் தனியொரு சொல்வகையாய் நிற்கின்றன. அவற்றை இங்கே பெயரடை என்போம்.

இனி, இரு பொருள்களை ஒப்பிடுமிடத்து நாம் செய்வது யாது? சிவனொளிபாத மலையின் கூரிய சிகரத்தைத் தூரத்தே காண்பார், இலங்கையில் அதுவே யாவற்றினும் உயர்ந்தது என எண்ணுதல் கூடும். அதன் உயரம் 2,243 மீற்றர். பேதுருதாலகாலையின் உயரமோ 2,524 மீற்றர். ஆதலின், 'சிவனொளிபாத மலையினும் பேதுருதாலகாலை உயர்ந்தது' என்கின்றோம். இவ்வாக்கியத்தில் ஒப்பீட்டைச் சுமந்து நிற்குஞ் சொல் எது? 'உயர்ந்தது' என்பதன்று. 'சிவனொளிபாத மலையினும்' என்பதை நீக்கிப் பாருங்கள்; 'பேதுருதாலகாலை உயர்ந்தது' என்பதே எஞ்சும். ஒப்பீடு முற்றாக மறைந்துவிடும். எனவே, தமிழில் ஒப்பீடு தங்கியிருப்பது பண்பை உணர்த்துஞ் சொல்லிலன்று. எதனோடு ஒப்பிடுகின்றோமோ அப்பொருளின் பெயரிலேயாம். அப்பெயர் 'இன்' என்னும் உருபையோ, 'விட', 'காட்டிலும்' என்னுஞ் சொற்களையோ ஏற்று ஒப்பீடு முழுவதையும் தானே தாங்குகின்றது. 'உயர்ந்தது' என்பதற்கு ஒரு மாற்றமும் இல்லை.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமையின் பொருளை விரிக்குமிடத்து நிறம், வடிவு, அளவு, சுவை முதலியவற்றால் ஒரு பொருள் மற்றொன்றனோடு பொருவப்படுதலைக் கூறினார். 'இரவிற் கரிது கூந்தல்' என்றால், கூந்தல் இரவைப் போலக் கரியது எனவும் கொள்ளலாம். இரவினும் மிகக் கரியது எனவும் கொள்ளலாம். முன்னையது உவமப்பொரு; பின்னையது உறழ்பொரு. 'இரவினும்' என உம்மை சேர்ந்தவிடத்து உறழ்ச்சிப் பொருள் தெளிவாகும். பின்னாளில் கால்டுவெல் ஐயர் 1856 ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலே, இந்தோ-ஐரோப்பிய மொழிகளிற்போலப் பண்புச்சொல்லோடு விகுதி சேர்த்து உறழ்ச்சியைக் காட்டும் முறை திராவிட மொழிகளில் இல்லை என எடுத்துக் காட்டினார். இல்லை என்பதைக் குறை எனக் கொள்ளற்க. செய்யவேண்டிய தொழிலை வேறோர் உறுப்பாற் செய்கின்றோம், அவ்வளவே.

ஆங்கிலத்தின் வழக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே உருவம் மாறுவது பெயரடையேயாம். 'ஹை' என்பது உயர்ந்த என்னும் இயல்புநிலை. 'ஹையர்' என்பது ஒன்றனினும் உயர்ந்த என்னும் உறழ்நிலை. 'ஹையெஸ்ட்' என்பது யாவற்றினும் உயர்ந்த என்னும் உச்சநிலை. ஒப்பிடப்பட்ட மலையின் பெயரைச் சொல்லாது 'பேதுருதாலகாலை ஹையர்' என்று நிறுத்தினும், ஏதோ ஒன்றனோடு ஒப்பிட்டுப் பேசுகின்றார் என்பது கேட்பவனுக்குப் புலப்படும். ஒப்பீடு பெயரடையினுள்ளேயே அடங்கியிருத்தலே அதற்குக் காரணம். தமிழ் மாணவன் தன் மொழிப் பழக்கத்தால் பெயரடையை மாற்றாது விட்டு, 'தான்' என ஒலிக்கும் ஆங்கில இடைச்சொல்லை மட்டும் சேர்த்து, 'ஹை தான்' என்று எழுதிவிடுகின்றான். 'விட' என்பதை மொழிபெயர்த்தாயிற்று, இனி என்ன குறை என்பது அவன் நினைவு. தமிழ்க் கணக்கில் அது நிறைவே. ஆங்கிலக் கணக்கிற் பாதியேயாம்.

உறழ்நிலையையும் உச்சநிலையையும் ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் இருவழிகள் உள. ஓரசைச் சொற்கள் 'அர்', 'எஸ்ட்' என ஒலிக்கும் விகுதிகளை ஏற்பன. 'டோல், டோலர், டோலெஸ்ட்' என்பது காண்க. மூன்றும் அதற்கு மேலும் அசைகளையுடைய சொற்கள் முன்னே 'மோர்', 'மோஸ்ட்' என்பவற்றைப் பெறுவன. 'மோர் இன்டெலிஜென்ட்', 'மோஸ்ட் இன்டெலிஜென்ட்' என்பன போல. ஈரசைச் சொற்கள் இடைப்பட்டன. 'ஹப்பி' போல இகர ஒலியில் முடிவன பெரும்பாலும் விகுதியையே விரும்பும். 'கிளெவர்', 'நரோ', 'சிம்பிள்' போல்வன இருவழியும் செல்லும். ஓரசையேயாயினும் களைத்த என்னும் பொருள்படும் 'டயர்ட்' போன்ற வினையடிச் சொற்கள் 'மோர்' என்பதையே வேண்டும்.

இவ்விருவழிக்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் விகுதியே பெருவழக்கு. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சு மொழியிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் நெடுஞ்சொற்கள் பல ஆங்கிலத்தினுள் வந்து குடியேறின. நீண்ட சொல்லின் இறுதியில் மேலும் ஒரு விகுதியை ஏற்றுதல் நாவிற்குச் சுமையாதலின், முன்னே தனிச்சொல் நிறுத்தும் முறை அவற்றிற்கு இயைந்து வேரூன்றியது. எனவே, 'இச்சொல்லுக்கு எது?' என ஐயுறும் மாணவன் முதலில் அசையை எண்ணுக. பெரும்பாலும் விடை கிடைக்கும்.

எழுத்திலக்கணம் பற்றியும் ஒன்று கூறுவோம். பெரிய என்னும் பொருள்படும் 'பிக்' என்னுஞ் சொல் விகுதி ஏற்கும்போது அதன் ஈற்று மெய்யெழுத்தை இரட்டித்து எழுதவேண்டும். ஆழமான என்னும் பொருள்படும் 'டீப்' என்பதற்கு அங்ஙனம் இரட்டுதல் இல்லை. மாணவர் பலர் இதனை உருப்போட்டும் மறந்துவிடுகின்றனர். நம் புணர்ச்சி விதியை நினைவு கொள்வார் மறவார். 'கல்' என்பதோடு 'ஐ' சேர்ந்தால் 'கல்லை' என ஒற்று இரட்டும். 'கால்' என்பதோடு 'ஐ' சேர்ந்தால் 'காலை' என இரட்டாது நிற்கும். தனிக்குற்றெழுத்தின்பின் நின்ற ஒற்று, உயிர் வரின் இரட்டும். நெட்டெழுத்தின்பின் நின்றது இரட்டாது. ஆங்கில ஓரசைச் சொல்லிலும் ஒற்றைக் குற்றுயிரின்பின் ஒற்றை மெய் நிற்பின் அது இரட்டும். நெட்டுயிரின்பின் நிற்பின் இரட்டாது. மெலிந்த என்னும் 'தின்', சூடான என்னும் 'ஹொட்' ஆகியன 'கல்' போல்வன. 'டீப்', 'கூல்' என்பன 'கால்' போல்வன. தமிழில் இரட்டித்தது செவிக்கும் கேட்கும். ஆங்கிலத்திலோ அஃது எழுத்தளவில் நிற்கும். வேற்றுமை இவ்வளவே.

விதிக்கு அடங்காத சொற்கள் சில உள. 'குட், பெற்றர், பெஸ்ட்' என்பன நன்மையையும், 'பாட், வேர்ஸ், வேர்ஸ்ட்' என்பன தீமையையும் குறிப்பன. 'லிற்றில், லெஸ், லீஸ்ட்' என்பன சிறுமைக்கும், 'மச், மோர், மோஸ்ட்' என்பன மிகுதிக்கும் உரியன. இவை ஏன் இங்ஙனம் முறை பிறழ்ந்தன? 'குட்' என்பதும் 'பெற்றர்' என்பதும் ஒரே வேரிற் பிறந்தன அல்ல. வெவ்வேறு குலத்திற் பிறந்து ஒரு குடும்பமாய் வாழ்வன அவை. இலத்தீனிலும் நன்மையின் மூன்று நிலைகளும் 'பொனுஸ், மெலியோர், ஒப்திமுஸ்' என மூன்று வேர்களிலிருந்து வந்தன. ஒரு மொழியில் மிகுதியாக வழங்குஞ் சொற்களே பழைய கோணலை விடாது காப்பன. நாள்தோறும் நாவிற் பயில்வதால் விதி வந்து அவற்றைத் திருத்துவதற்கு இடமில்லை.

இனி 'மோர் பெற்றர்' என்பதற்கு வருவோம். 'பெற்றர்' என்பதன் வடிவிலே 'குட்' என்பது தோன்றாமையால், அது 'நல்ல' என்பதற்குரிய மற்றொரு சொல்லென மாணவன் எண்ணுகின்றான். அதனுள் ஒப்பீடு முன்னமே அடங்கியிருப்பது அவன் செவிக்குப் புலனாவதில்லை. 'இன்னும் நல்லது' என்னும் கருத்து வேண்டப்படுதலால் 'இன்னும்' என்பதற்கு 'மோர்' என்பதைக் கொணர்ந்து சேர்க்கின்றான். அவன் தருக்கம் பிழையன்று. அவனுக்குத் தெரியாத செய்தி ஒன்றேயாம்.

அவனைப் பார்த்துச் சிரிப்போர் நம் சொந்த வழக்கைச் சிறிது நோக்குக. 'உத்தமம்' என்பது வடசொல். மேலே என்னும் பொருள்படும் 'உத்' என்பதனோடு உச்சநிலை விகுதியாகிய 'தம' சேர்ந்து ஆகியது. 'யாவற்றினும் மேலானது' என்பதே அதன் பொருள். அப்படியிருக்க, நாம் 'மிக உத்தமமான மனிதர்' என்று மேடைதோறும் பேசுகின்றோம். வடமொழி இலக்கணப்படி நோக்கின் அது 'மோஸ்ட் பெஸ்ட்' என்பதே. யாரும் சிரிப்பதில்லை. சிரேட்ட, கனிட்ட எனப் பதவிகளுக்கும் வகுப்புகளுக்கும் நாம் வழங்குஞ் சொற்களும் அத்தகையனவே. 'சிரேஷ்ட' என்பது மிகச் சிறந்தது. 'கனிஷ்ட' என்பது மிக இளையது. இவற்றின் ஈற்றில் நிற்கும் 'இஷ்ட' என்னும் விகுதியும் ஆங்கிலத்தின் 'எஸ்ட்' என்னும் விகுதியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழிநூலார் துணிபு. 'கனிட்ட வகுப்பு' என்று சொல்லும்போதெல்லாம் ஆங்கில உச்சநிலையின் உறவினனை நாம் நாவிற் கொண்டிருக்கின்றோம். ஆயினும் அவனை அறிந்திலோம். பிறமொழிச் சொல்லின் உள்ளே மறைந்திருக்கும் ஒப்பீடு கடன் கொண்டவன் கண்ணுக்குப் புலப்படாது என்பதே இதன் உண்மை.

ஆங்கிலேயர் தாமும் இதற்கு விலக்கல்லர். அருகில் எனப் பொருள்படும் 'நியர்' என்பது முன்னாளில் உறழ்நிலைச் சொல்லாயிருந்தது. அதன் இயல்புநிலை 'நை'; உச்சநிலை 'நெக்ஸ்ட்'. காலப்போக்கில் 'நியர்' தன் உறழ்ச்சிப் பொருளை இழந்து இயல்புநிலையாயிற்று. ஆகவே அதன்மேல் மீண்டும் விகுதி ஏற்றி 'நியரர்' என்றனர். 'லெஸ்ஸர்' என்பதும் இவ்வாறு இருமுறை விகுதி பெற்றதே. 1755 ஆம் ஆண்டில் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன் அதனைப் பாமரர் சிதைவு எனக் கடிந்தும், அச்சொல் இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் இரட்டை உறழ்நிலையையும் இரட்டை உச்சநிலையையும் கூசாது ஆண்டார். அவர் காலத்தவராகிய பென் ஜோன்சன் எழுதி 1640 இல் வெளிவந்த ஆங்கில இலக்கணம், இவ்வழக்கைப் பிழையாகக் கொள்ளாது அணியாகவே போற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியரே அதனை ஏட்டு வழக்கினின்றும் விலக்கினர். இதனால் நம் மாணவன் 'மோர் பெற்றர்' என எழுதலாம் என்பது எம் கருத்தன்று. இற்றை நாள் நன்மக்கள் வழக்கில் அது பிழையே. பிழை என்பதும் இழிவு என்பதும் ஒன்றல்ல என்பதே யாம் கூறுவது.

திருத்தும் வழி எளிது. 'இன்னும் நல்லது', 'எவ்வளவோ நல்லது' என வேற்றுமையின் அளவை மிகுத்துக் கூற விரும்பின், 'மச் பெற்றர்' என்க. 'பார் பெற்றர்' எனினும் அமையும். 'மோர்' என்பது ஒப்பீட்டை ஆக்குவது. 'மச்' என்பது ஆகிய ஒப்பீட்டின் அளவை மிகுப்பது. ஆக்கியதை மீண்டும் ஆக்குதல் வேண்டா, மிகுக்கலாம்.

பிற மயக்கங்கள் சிலவற்றையும் சுருங்கக் கூறுவோம். சமம் எனக் கூறுமிடத்து ஆங்கிலம் 'அஸ்' என்னும் இடைச்சொல்லைப் பெயரடையின் முன்னும் பின்னுமாக இருமுறை நிறுத்தும். தமிழில் 'தமையனளவு உயரமானவன்' என ஒரு சொல்லே போதுமாதலின், நம் மாணவர் முன்னையதை விட்டு எழுதுகின்றனர். காவடிக்கு இரு புறமும் பாரம் வேண்டும் என நினைவு கொள்க.

இலத்தீனிலிருந்து உறழ்நிலையாகவே வந்த 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்பீரியர்' என்னுஞ் சொற்களின்பின் 'தான்' வாராது. 'டு' என்பதே வரும். பழைய மாணவர் சந்திப்புக்களில் 'அவர் எனக்கு ஈராண்டு மூத்தவர்' என்பதை ஆங்கிலத்திற் கூறுவோர் பலர் இதிலே இடறுகின்றனர். தமிழ் இங்கே துணைபுரிகின்றது. 'எனக்கு மூத்தவர்' என நான்காம் வேற்றுமையால் நாம் கூறுவதற்கும் ஆங்கிலத்தின் 'டு' என்பதற்கும் பொருத்தம் உண்டு. 'என்னினும்' என்பதை மறந்து 'எனக்கு' என்பதை மொழிபெயர்ப்பார் பிழைபடார்.

உச்சநிலைக்குத் தமிழில் தனி வடிவம் இல்லை. 'எல்லா மலைகளினும் உயர்ந்தது' எனப் பிற யாவற்றையும் ஒப்புப் பொருளாக்குகின்றோம். இதனை ஆங்கிலத்தில் உறழ்நிலையாற் கூறுவோர் 'பிற' என்னும் பொருள்படும் 'அதர்' என்பதைச் சேர்த்தல் வேண்டும். அன்றேல், பேதுருதாலகாலையும் இலங்கை மலைகளுள் ஒன்றாதலின், அது தன்னினும் தான் உயர்ந்தது என்னும் முரண் நேரும். ஒப்பிடும் பொருள்கள் ஓரினத்தனவாய் இருத்தலும் வேண்டும். 'நுவரெலியாவின் குளிர் யாழ்ப்பாணத்தினும் மிகுதி' என்பது குளிரை ஓர் ஊரோடு ஒப்பிடுவதாகும். 'யாழ்ப்பாணத்துக் குளிரினும்' என்பதே நேரிது. இது இருமொழிக்கும் பொதுவிதி.

'வெரி' என்பதையும் 'டூ' என்பதையும் நாம் ஒருங்கே 'மிக' எனக் கொள்கின்றோம். முன்னையது மிக என்பது. பின்னையது அளவு கடந்து என்பது. தேநீர் 'வெரி ஹொட்' எனின் விரும்பி அருந்தலாம்; 'டூ ஹொட்' எனின் ஆறும்வரை பொறுத்தல் வேண்டும். அவ்வாறே, பிறர்க்கு ஆர்வம் ஊட்டுவது 'இன்ட்ரெஸ்டிங்'. ஆர்வம் உற்றவர் 'இன்ட்ரெஸ்டெட்'. 'ஊட்டும்', 'உற்ற' என்னும் தமிழ்ச் சொற்களை முதலில் மனத்திற் கொண்டு பின் ஆங்கிலத்துக்குச் செல்லும் மாணவன், தன்னைத் தானே சுவையான பொருளென நேர்முகப் பரீட்சையில் அறிமுகஞ் செய்துகொள்ளும் இடரினின்றும் தப்புவான்.

இதுகாறும் கூறியவற்றால், நம் மாணவர் செய்யும் பிழைகளுட் பல தமிழ் நெறியில் ஆங்கிலத்தை நடத்துவதால் விளைவன என்பது புலனாகும். தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகக் கற்றவனுக்கு அப்பிழைகளைக் களைதல் எளிது; எங்கே இருவழிகளும் பிரிகின்றன என்பதை அவன் காண்பான். ஆறுமுக நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து மிசன் பாடசாலையில் ஆங்கிலங் கற்றும் கற்பித்தும் இருந்தவர். அவரே தமிழ் மாணவர்க்கு இலக்கணச் சுருக்கம் செய்தளித்தார். இருமொழிப் புலமையும் ஒருவரிடத்தே ஒருங்கு வளர்தல் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

எனவே, ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். 'மோர் பெற்றர்' என்று ஒருவன் சொன்னவுடன் 'இரு' என்னாது, "'பெற்றர்' என்பதற்குத் தமிழ் யாது?" என்று வினவுக. 'நல்ல' என்பானாயின், 'அதனினும் நல்ல' எனத் திருத்துக. அவ்வொரு சொல்லிலே அவன் ஐயம் தீரும். மாணவர்க்கும் ஒன்று கூறுவோம்: தோழன் பிழைபடப் பேசின் சிரியாது, அப்பிழை எங்கிருந்து வந்ததென்று தேடுங்கள், தேடுங்கால் இரு மொழிகளைக் கற்பீர்கள். அன்று வாய்மூடி இருந்த நம் தோழர் இம்மலரைப் படிக்க நேரின், தாம் செய்தது ஷேக்ஸ்பியர் செய்த பிழையே என்பதை அறிந்து மகிழ்வாராக. அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசுவாராக.